நெலும் அல (தாமரைக்கிழங்கு): கொழும்பில் எதை வாங்குவது, பிள்ளைகளுக்கு எப்படிக் கொடுப்பது

கொழும்பில் தாமரை பல உருவங்களில் விலைக்கு வருகிறது. மரக்கறிச் சந்தையில் சேறு காயாத கிழங்குக் கட்டு. சுப்பர் மார்க்கெட்டில் சீவி வெட்டிப் பொலித்தீன் சுற்றிய தட்டு. அதே கடையின் உள்தட்டில் ரின். புறக்கோட்டை மருந்துச் சரக்குக் கடைகளில் உலர்ந்த விதை, இதழ், பொடி. விகாரை வாசலில் மொட்டு. இவை எல்லாவற்றையும் "பிள்ளைகளுக்கு நல்லது" என்ற ஒரே சொல்லால் விற்கிறார்கள். ஆனால் ஒரே செடியிலிருந்து வந்தாலும் இவை ஒரே பொருள் அல்ல.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பிள்ளைகளின் தட்டுக்கு வாங்கத் தகுந்தது சேறோடு வரும் முழுக் கிழங்கு. அழுக்காக இருக்கிறதே என்று பலர் ஒதுக்கிவிட்டு வெள்ளையாக வெட்டி வைத்ததை எடுக்கிறார்கள். அது நேர் தலைகீழான தேர்வு. உலர்ந்த விதை நல்லது, ஆனால் ஒரு வேலை இருக்கிறது. பொடியும் இதழ்த் தேநீரும் பிள்ளைகளுக்கு வேண்டாம். இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கிழங்கு என்பது எது

சந்தைக்காரர் நெலும் அல என்பார், தமிழ் வீடுகளில் தாமரைக்கிழங்கு என்போம். உண்மையில் அது சேற்றுக்குள் கிடையாக ஓடும் தண்டு. இடையிடையே கணு வைத்து, கணுவிலிருந்து வேரையும் இலையையும் பூவையும் அனுப்பும். குறுக்கே வெட்டினால் தெரியும் ஓட்டைகள் காற்றுக் குழாய்கள். குளத்தடிச் சேற்றில் ஒட்சிசன் கிட்டத்தட்ட இல்லை. இலை மேலே இழுக்கும் காற்றுத்தான் காம்பு வழியாக இறங்கி, இந்த ஓட்டைகளில் ஓடித் தண்டை உயிரோடு வைத்திருக்கிறது. இதைப் பிள்ளைக்குச் சொல்லிவிட்டுக் கறியைப் பரிமாறினால், ஓட்டையை எண்ணிக்கொண்டே பாதிக் கிண்ணம் காலியாகிவிடும்.

அல்லியைத் தாமரை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. இலையைப் பார்த்தால் போதும். அல்லி இலை தண்ணீரில் படுத்துக் கிடக்கும், காம்பு சேருமிடம் வரை ஒரு பிளவு இருக்கும். தாமரையின் முதிர்ந்த இலை தண்ணீருக்கு மேலே குடைபோல நிமிர்ந்து நிற்கும், பிளவு கிடையாது, காம்பு நடுவில் வந்து சேரும். இலங்கையின் தேசிய மலராக 1986 இல் அறிவிக்கப்பட்டது தாமரை அல்ல, மானல் எனப்படும் நீல அல்லி. கொழும்புப் பிள்ளைகள் நாள்தோறும் பார்க்கும் 350 மீற்றர்த் தாமரைக் கோபுரத்தின் உச்சியில் இருப்பதுதான் தாமரை மொட்டு.

முழுக் கிழங்கு: எப்படித் தெரிவது

வெள்ளவத்தை, பொறளை, நுகேகொடை, தெல்கந்தை போன்ற சந்தைகளில் கட்டாகக் கட்டிக் கிடப்பது பெரும்பாலும் வறண்ட வலயக் குளங்களிலிருந்து வருவது. சீன உணவகப் படங்களில் வரும் கை மொத்தக் கிழங்கைத் தேடிப் போனால் ஏமாற்றமே. நமது உள்ளூர்க் கிழங்கு பெரும்பாலும் விரல் பருமன், மிஞ்சினால் கைப் பெருவிரலைவிடக் கொஞ்சம் மொத்தம். மெல்லியது என்பதால் தரம் குறைந்தது அல்ல. பிள்ளைகளுக்கு மெல்லிய வட்டம் வாய்க்கும் வசதி.

முதலில் பார்க்க வேண்டியது இரண்டு முனையும். கணு முறியாமல் மூடியிருந்தால் உள்ளே சேறு ஏறியிராது. கணுவுக்கு நடுவில் ஒடிந்த துண்டு என்றால் ஓட்டை வழியே சேறு உள்ளே போய்க் காய்ந்து கிடக்கும். அதைக் கழுவி எடுப்பதற்குள் கிழங்கே அலுத்துப்போகும். கட்டு எப்போதும் ஒன்றிரண்டு முறிந்த துண்டுகளை நடுவில் மறைத்துத்தான் வரும். கட்டை அவிழ்த்துப் பார்க்கக் கேளுங்கள். நல்ல வியாபாரி மறுக்கமாட்டார்.

அடுத்தது நிறம். மேல்தோலில் செம்பழுப்புத் துருப் படலம் இருந்தால் பயப்பட வேண்டாம். சேற்றிலுள்ள இரும்பு வேர்ப்புறத்தில் படிந்த கறைதான் அது, தோலோடு போய்விடும். கறுத்து அமுங்கும் இடம், வெட்டு முனையில் சாம்பல் நிறக் கொழகொழப்பு, புளித்த வாடை இவைதான் கெட்டதன் அறிகுறி. கிழங்கை இரண்டு கையாலும் பிடித்து மெல்ல வளையுங்கள். விறைப்பாக நின்றால் புதியது. றப்பர் போல வளைந்தால் நீர் வற்றியது. அது எவ்வளவு அவித்தாலும் சக்கை மாதிரித்தான் இருக்கும்.

முதிர்ச்சியும் சமையலைத் தீர்மானிக்கும். நுனிப் பக்கத்துத் தண்டு இளசு, மொறுமொறுப்பு, நீர்ப்பிடிப்பு அதிகம். அது பொரிக்கவும் வதக்கவும் நல்லது. தாய்ச் செடிக்குக் கிட்டிய பக்கம் முதிர்ந்து மாப்பிடித்திருக்கும். சூப்புக்கும் பாற்கறிக்கும் அதுதான் வேண்டும், அதுதான் சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்ற பக்குவத்தில் குழையும். இளசு வாங்கிவிட்டு "இரண்டு மணித்தியாலம் அவித்தும் குழையவில்லை" என்று சொல்வதில் பயனில்லை. இளசு குழையாது.

500 கிராம் வாங்கினால் கணுவும் தோலும் போக 375 முதல் 400 கிராம் வரைதான் கையில் நிற்கும். விலையை ஒப்பிடும்போது இந்தக் கழிவையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். கழுவி வெட்டியதன் விலை அதிகம் என்பது அப்போதும் மாறாது.

சத்தைப் பொறுத்தவரை, 100 கிராம் பச்சைக் கிழங்கில் சுமார் 74 கிலோகலோரி, 17 கிராம் மாச்சத்து, கிட்டத்தட்ட 5 கிராம் நார், 2.6 கிராம் புரதம், 44 மில்லிகிராம் விற்றமின் சி, 550 மில்லிகிராமுக்குச் சற்று மேல் பொட்டாசியம். உருளைக்கிழங்கைவிட நார் கூடுதல், விற்றமின் சி இரண்டு மடங்குக்கும் மேல். அந்த விற்றமினில் நல்லதொரு பங்கு அவித்த தண்ணீரோடு போய்விடும். ஆகவே அவித்து வடித்து ஊற்றும் முறையைவிட, தண்ணீரும் பாலும் சட்டியிலேயே வற்றும் கறி மேல்.

கழுவுவது: இங்கேதான் பெரும்பாலோர் தோற்பது

முழுக் கிழங்கைக் கணுவோடு வைத்தே முதல் கழுவு கழுவ வேண்டும். வெட்டிவிட்டுக் கழுவினால் வெளிச்சேறு ஓட்டைக்குள் இறங்கும். பேசினில் பத்து நிமிடம் ஊறப்போட்டு, தும்பால் தேய்த்து, ஓடும் தண்ணீரில் அலசுங்கள். தண்ணீர் தெளிந்த பிறகுதான் கத்தி.

கணுவின் இருபக்கமும் ஒரு சென்ரிமீற்றர் விட்டு வெட்டுங்கள். கணுவில் ஓட்டை ஒழுங்காக ஓடாது, நாரும் அங்கேதான் அதிகம், பிள்ளைக்கு வேண்டாம். இனி ஒவ்வொரு துண்டையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் குழல் போலப் பாருங்கள். ஓட்டை சுத்தமாகத் தெரிந்தால் குழாய்த் தண்ணீரில் ஒரு முறை ஓடவிட்டால் போதும். கறுப்புக் கோடு தெரிந்தால், ஈர்க்கு நுனியில் மெல்லிய துணி சுற்றி ஒவ்வொரு ஓட்டையிலும் விட்டு இழுங்கள். அதற்கும் போகாவிட்டால் துண்டை நீளவாக்கில் பிளந்து கழுவுவது ஒன்றே வழி. வட்டமாக வெட்டினால்தான் அழகு என்று சேற்றோடு விட வேண்டாம். பல்லில் மணல் நெரிபடும் ஒரே ஒரு வாய் போதும், பிள்ளை பிறகு ஒரு வருடத்துக்கு அந்தக் கறியைத் தொடாது.

தோலை உருளைக்கிழங்கு சீவும் சீவியால் மெல்லியதாக எடுங்கள். வெட்டியவுடன் காற்றுப் பட்டுப் பழுப்பாகும், ஊதா சாயலும் வரும். ஆப்பிள் வெட்டினால் கறுப்பது போன்றதுதான், கெட்டுப்போகவில்லை. ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வினாகிரி அல்லது ஒரு தேசிக்காயின் சாறு விட்டு அதற்குள் போட்டால் நிறம் நிற்கும். ஐந்து நிமிடம் போதும், பிறகு நன்றாக அலசிவிட வேண்டும். ஏன் என்பதைச் சமையல் புத்தகங்கள் அதிகம் சொல்வதில்லை. புளிப்பு, காயின் செல்லுச் சுவரை ஒட்டி வைத்திருக்கும் பசையை இளக விடாது. புளிப்பேறிய கிழங்கு எத்தனை விசில் வைத்தாலும் மொறுமொறு என்றே நிற்கும். பெரியவர்களின் சலாதுக்கு அது நல்லது. இரண்டு வயதுப் பிள்ளைக்கு அல்ல. அதே காரணத்தால் தக்காளி, புளி, கொறுக்காய், தேசிக்காய் எதையும் கிழங்கு வெந்த பிறகே சேர்க்க வேண்டும்.

இரும்புச் சட்டியில் வைத்தால் கறி நீலக் கறுப்பாகிவிடும். கிழங்கின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்வதால் வருவது அது. நஞ்சல்ல, ஆனால் அந்த நிறத்தைப் பார்த்துப் பிள்ளை வாயை இறுக மூடிக்கொள்ளும். மண்சட்டி அல்லது எவர்சில்வர் போதும்.

முறிக்கும்போது சிலந்தி வலைபோல நூல் இழுபடும். பூஞ்சணம் என்று எறிந்துவிடாதீர்கள். நீர் ஏறும் குழாய்களின் சுவரில் சுருள்சுருளாக இருக்கும் இழைதான் அவிழ்ந்து வருகிறது. மியன்மாரின் இன்லே ஏரிப் பக்கத்தில் தாமரைக் காம்பிலிருந்து இதே நூலை எடுத்துத் துணி நெய்கிறார்கள்.

பச்சையாகக் கொடுக்கக்கூடாது. இளம் கிழங்கைப் பச்சையாகக் கடித்தால் இனிப்பாகத்தான் இருக்கும், ஆனாலும் கூடாது. ஆசியாவின் சில நாடுகளில் குளத்துத் தாவரங்களைப் பச்சையாகக் கடிப்பதால் குடலில் தட்டைப்புழு தொற்றுகிறது. குளத்து நீரில் வேறு கிருமியும் இருக்கும். முழுதாக வேகவைத்தால் இந்தக் கவலை எதுவும் இல்லை.

வயதுக்கு ஏற்ற பக்குவம்

ஆறு மாதத்தில் முதல் உணவாக இது வேண்டாம். நார் அதிகம். ஒன்பது, பத்து மாதமாகி மற்ற மரக்கறி பழகியபின், முதிர்ந்த பாகத்தைத் துருவி, கஞ்சியிலோ பருப்பிலோ சேர்த்து இருபது நிமிடம் அவித்து, கம்பி வடியில் மசித்து எடுத்தால் நார் மேலே தங்கிவிடும். முதல் நாள் இரண்டு தேக்கரண்டி. வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று மூன்று நாள் பார்த்துவிட்டுக் கூட்டலாம்.

ஒன்று முதல் மூன்று வயது வரை வட்டத்துண்டு கொடுக்க வேண்டாம். வழுக்கும், மெல்லாமல் இறங்கும், தொண்டையில் அடைக்கும். மூன்று மில்லிமீற்றர் தடிப்பில் வெட்டி, ஒவ்வொன்றையும் நாலாக்கி, விரலால் அழுத்தினால் உடையும் வரை அவியுங்கள். நான்கு வயதுக்குமேல் அரைவட்டம். பொரித்த சில்லுகளை ஐந்து வயதுக்குப் பிறகு கொடுங்கள், விளிம்பு கூர்மையாக உடையும்.

பாற்கறிக்கு அளவு இது. சுத்தம் செய்த கிழங்கு 250 கிராம், அரிந்த சின்ன வெங்காயம் ஆறு, வெந்தயம் கால் தேக்கரண்டி, மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி, ஒரு நெட்டுக் கறிவேப்பிலை, ஒரு துண்டு ரம்பை, இரண்டாம் பால் ஒன்றரைக் கப், முதற்பால் அரைக் கப், உப்பு. மாசி சேர்க்கும் வீடுகளில் இடித்த மாசி ஒரு தேக்கரண்டி. பச்சை மிளகாயைக் கீறிப் போடாமல் முழுதாகப் போட்டு, பிள்ளைக்குக் கோலும் முன் எடுத்துவிடலாம். முதற்பாலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சட்டியில் போட்டு, மூடி, சிறு தீயில் 25 முதல் 35 நிமிடம். கிழங்கு வெந்த பிறகுதான் முதற்பால், அதன்பின் ஒரு கொதியோடு இறக்க வேண்டும். முதற்பாலை முதலிலேயே விட்டால் அரை மணித்தியாலக் கொதியில் பால் திரைந்து எண்ணெய் பிரியும். கிழங்கோ இன்னும் வெந்திராது. அவசரமென்றால் பிறஷர் குக்கரில் இரண்டாம் பாலோடு நான்கைந்து விசில் வைத்து, திறந்தபின் முதற்பால் விடுங்கள்.

மரக்கறி என்றாலே முகம் திருப்பும் பிள்ளைக்கு வேறொரு வழி உண்டு, கிழங்குக் கட்லட். 250 கிராம் கிழங்கைத் துருவியின் சிறு கண்ணில் துருவுங்கள். துருவலைப் பிழிய வேண்டாம், வடியில் இரண்டு நிமிடம் வைத்து ஒழுகும் நீரை மட்டும் விடுங்கள். கிழங்கின் மாச்சத்து அந்த ஈரத்தில்தான் இருக்கிறது, அதுதான் ஒட்டவைக்கும் பசை. அவித்து மசித்த சிறிய உருளைக்கிழங்கு ஒன்று, அரிசிமா இரண்டு மேசைக்கரண்டி, பொடியாக அரிந்த வெங்காயம், உப்பு அரைத் தேக்கரண்டி, மிளகு ஒரு சிட்டிகை சேர்த்துப் பிசைந்து, ஒரு சென்ரிமீற்றருக்கு மேற்படாத தடிப்பில் தட்டி, தோசைக்கல்லில் சிறு தீயில் பக்கத்துக்கு நான்கைந்து நிமிடம். கட்லட் உதிர்ந்தால் ஒன்று நீங்கள் பிழிந்துவிட்டீர்கள், இல்லாவிட்டால் துருவல் பெரிது. வெளியே கருகி உள்ளே பச்சையாக இருந்தால் தடிப்பு அதிகம். பாடசாலைச் சாப்பாட்டுப் பெட்டியில் மதியம் வரை மெதுமை மாறாமல் இருப்பது இதன் பெரிய நன்மை.

மீந்த கிழங்கைக் கழுவாமல், ஈரக் கடதாசியில் சுற்றி, பிறிஜின் கீழ்த் தட்டில் வைத்தால் ஒரு வாரம் நிற்கும். வெட்டியது தண்ணீருக்குள் இரண்டு நாள், தண்ணீரை நாள்தோறும் மாற்ற வேண்டும்.

வெட்டி வைத்ததும் ரின்னும்

வெட்டிச் சுற்றிய தட்டை வாங்க வேண்டாம் என்பதற்கு மூன்று காரணம். ஓட்டைக்குள் சேறு இருந்ததா, எந்தத் தண்ணீரில் கழுவினார்கள் என்பது தெரியாது. வெட்டு முகத்தால் நீரும் விற்றமின் சியும் போய்க்கொண்டே இருக்கும். மூன்றாவது, கடதாசி போன்ற அதன் வெள்ளை நிறம். சீவிய தாமரைக்கிழங்கு தானாக அந்த வெள்ளையில் நிற்பதில்லை. புளிப்பு நீரில் ஊறியிருக்க வேண்டும், அல்லது நிறம் மாறாமல் காக்கும் சல்பைட் என்ற இரசாயனம் சேர்ந்திருக்க வேண்டும். சல்பைட், ஆஸ்துமா உள்ள சில பிள்ளைகளுக்கு இழுப்பைக் கிளப்பக்கூடியது. இறக்குமதிப் பொதியிலும் ரின்னிலும் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். சேர்மானங்களைக் குறிக்கும் ஈ எண்களில் 220 முதல் 228 வரை சல்பைட் வகை. பட்டியலே இல்லாத தட்டு என்றால் கேள்வி கேட்கவும் வழியில்லை.

ரின்னில் உப்பும் புளிப்பும் ஏறியிருக்கும், மொறுமொறுப்பு மாறாது. பெரியவர்களின் நூடில்சுக்கு ஆகும். பிள்ளைகளுக்கு வாங்க ஒரு காரணமும் தெரியவில்லை.

விதை, மக்கானா, ஒலு அரிசி

உலர்ந்த தாமரை விதை நல்ல பொருள். 100 கிராமில் 15 கிராமுக்கு மேல் புரதம். புறக்கோட்டை கெபோஸ் லேன் மருந்துச் சரக்குக் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். தோல் நீக்கிய வெண்மஞ்சள் விதையும், தோலோடு செம்பழுப்பு விதையும் வரும். சமையலுக்கு முன்னதை வாங்குங்கள். கல்லுப்போலக் கறுத்த ஓட்டோடு இருப்பதை ஊறவைத்துப் பயனில்லை, அந்த ஓட்டுக்குள் தண்ணீர் போகாது.

விதையை இரண்டாகப் பிளந்தால் நடுவில் பச்சை முளை இருக்கும். கடும் கசப்பு. அதிலுள்ள அல்கலோயிட்டுகள் இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் தொடக்கூடியவை, சீன வைத்தியத்தில் அந்த முளையே தனி மருந்து. பிள்ளைகளின் உணவில் அது இருக்கக்கூடாது. முளை நீக்கியது என்று விற்பவற்றிலும் பத்துக்கு ஒன்றிரண்டில் இருக்கும், ஆகையால் எல்லாவற்றையும் பிளந்து பாருங்கள். நான்கு மணித்தியாலம் ஊறவைத்து, பிளந்து, முளையைத் தள்ளிவிட்டு, நாற்பது நிமிடம் அவித்தால் கச்சான் அவித்தது போல மெதுவாகும். பாற்கஞ்சியில் ஒரு பிள்ளைக்கு எட்டுப் பத்து விதை போதும். முழு விதையை ஐந்து வயதுக்குக் கீழே கொடுக்காதீர்கள், மூச்சுக்குழாயில் அடைக்கும் அளவு அது.

இந்தியச் சாமான் கடைகளில் "தாமரை விதைப் பொரி" என்று விற்கும் மக்கானா தாமரையே அல்ல. அல்லிக் குடும்பத்து முள்ளுச் செடி ஒன்றின் விதையைப் பொரித்தது. கெட்டது என்று சொல்லவில்லை, லேசான நொறுக்குத் தீனி. ஆனால் தாமரை விதையின் பலன்களை அதன் பொதியில் அச்சிட்டு விற்பது சரியல்ல. சுவை தூவியதில் உப்பு அதிகம், சுவை சேர்க்காததை வாங்குங்கள். அடியில் ஒட்டியிருக்கும் கறுப்பு ஓட்டுத் துணுக்கைக் கிள்ளிவிட்டுக் கொடுங்கள்.

ஒலு ஹால் என்று பாரம்பரிய உணவுக் கடைகளில் கிடைக்கும் அரிசியும் தாமரையினது அல்ல, வெள்ளை அல்லியின் விதை. குளத்தில் இறங்கிக் கையால் காய் சேகரித்து, அழுகவிட்டு, கழுவி, உலர்த்தி எடுப்பதால் சாதாரண அரிசியைவிட விலை கூட. அந்த உழைப்புக்கு அது நியாயமே. கடுகைப்போலச் சின்ன விதை, மணலும் அதே அளவில் கலந்திருக்கும். அரிக்கன் சட்டியில் ஐந்தாறு தரம் அரித்தெடுங்கள். ஒரு கப்புக்கு இரண்டு கப் தண்ணீரில் தொடங்கி, வற்றினால் சுடுநீர் சேர்க்கலாம். தனியாகக் கொடுத்தால் பிள்ளைகள் வாயில் உருட்டிக்கொண்டிருப்பார்கள். சிவப்பரிசிக் கஞ்சியில் நாலில் ஒரு பங்காகக் கலந்தால் இறங்கும்.

பொடி, இதழ், இலை

சித்த, ஆயுர்வேத வைத்தியத்தில் தாமரையின் பூ, விதை, கிழங்கு, இலை எல்லாமே மருந்து. வயிற்றோட்டம், இரத்தப்போக்கு, உடற்சூடு என்று பழைய பயன்கள் பல. அது வைத்தியர் அளவு பார்த்துக் கொடுக்கும் மருந்து. கடையில் கரண்டி அளவு சொல்லி விற்கும் பொடிக்கு அந்தப் பெயர் பொருந்தாது. பொடியில் எந்தப் பாகம், எத்தனை பங்கு, முளை சேர்ந்ததா என்பது வெளியே தெரியாது. பிள்ளைக்குத் தேவையென்று நினைத்தால் பொறளை ஆயுர்வேத போதனா வைத்தியசாலையில் பதிவுபெற்ற வைத்தியரிடம் காட்டுங்கள். வயிற்றோட்டத்துக்குத் தாமரைப்பொடி கரைத்துக் கொடுத்து நேரம் கடத்த வேண்டாம். முதலில் ஜீவனி என்ற நீரிழப்பைத் தடுக்கும் உப்புக் கரைசல், பிறகு வைத்தியர்.

விகாரை வாசலில் விற்கும் மொட்டும் பூவும் பூசைக்கு உரியவை. வாடாமலிருக்க என்ன தெளித்தார்கள் என்று தெரியாததால் தேநீருக்கு எடுக்கக்கூடாது. ஆனால் பிள்ளைக்குக் காட்ட ஒன்று வாங்குங்கள், அந்தக் காசு வீண் போகாது. பறித்த மொட்டு பெரும்பாலும் தானாக விரியாது. விற்பவர்கள் இதழை ஒவ்வொன்றாகப் பின்னால் மடித்துத் தருவது அதனால்தான். நடுவில் தண்ணீர்ப் பூவாளியின் முகம்போல ஒரு மஞ்சள் கூம்பு, அதில் ஓட்டை, ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு விதைக் கரு. குளத்தில் நிற்கும் பூ இரவில் குளிர்ந்தாலும் தன் உட்புறத்தை 30 முதல் 36 பாகை வரை சூடாக வைத்திருக்கும். ஏறத்தாழ நம் உடம்புச் சூடு. வண்டுகளைக் கவர்ந்து தங்கவைக்கத்தான் இந்தச் சூடு என்று கருதப்படுகிறது.

இலை கிடைத்தால் அதில் ஒரு சிட்டிகை மண்ணைத் தூவித் தண்ணீரைச் சொட்டவிடச் சொல்லுங்கள். துளி உருண்டு மண்ணையும் அள்ளிக்கொண்டு ஓடும். இலையின் மேலே கண்ணுக்குத் தெரியாத மேடுகளும் அவற்றின் மேல் மெழுகும் இருப்பதால் தண்ணீர் ஒட்டாது. விரலால் ஓர் இடத்தை அழுத்தித் தேய்த்துவிட்டு மீண்டும் சொட்டவிட்டால் அந்த இடம் மட்டும் நனையும். காம்பின் ஒரு முனையில் ஊதிய பலூனைக் கட்டி மறு முனையை வாளித் தண்ணீருக்குள் விட்டால் குமிழி வரும். கிழங்கின் ஓட்டை எதற்கு என்ற கேள்விக்குப் பதில் அங்கே இருக்கிறது.

கொழும்பு நீரில் பறிக்கலாமா

வேண்டாம். 2018 இல், ஈரநிலங்களைக் காப்பதற்கான பன்னாட்டு உடன்படிக்கையான ராம்சார் சமவாயம் கொழும்பை ஈரநில நகரமாக அங்கீகரித்தது. பெத்தகான, தியசரு பூங்காக்களில் பிள்ளைகளுக்கு ஈரநிலத்தைக் காட்டலாம். ஆனால் அங்கே பறிப்பது முறையல்ல, பேரே வாவியிலும் நகர வாய்க்கால்களிலும் பறிப்பது ஆபத்து. சேற்றில் கிடக்கும் தாவரம் அந்தச் சேற்றிலுள்ள ஈயம், கட்மியம் போன்ற உலோகங்களையும் சேர்த்தே உறிஞ்சும். அவித்தாலும் உலோகம் போகாது. சின்ன உடம்புக்கு அதன் பாதிப்பு அதிகம். சந்தையில் வாங்கும்போதும் எங்கிருந்து வந்தது என்று கேட்பது இதற்காகத்தான். "அனுராதபுரப் பக்கம்" என்று உடனே சொல்பவரிடமும், "எல்லாம் நல்லதுதான்" என்று மழுப்புபவரிடமும் ஒரே கிழங்கு இருக்கலாம். முன்னவரிடமே தொடர்ந்து வாங்குங்கள். கேட்கிற வாடிக்கையாளர் இருந்தால்தான் அவரும் தான் வாங்கும் இடத்தில் கேட்பார்.

கறுத்த ஓட்டோடு இருக்கும் விதை சமையலுக்கு உதவாது என்றோமே, அதை நாலைந்து மட்டும் வாங்கிப் பிள்ளையிடம் கொடுங்கள். ஒரு பக்கத்தை அரத்தாளில் தேய்த்து, கறுப்பு ஓட்டுக்குள் வெண்மஞ்சள் தெரிந்தவுடன் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் தேய்த்தால் விதை அழுகும். கண்ணாடிப் போத்தலில் தண்ணீரில் போட்டு, வெயில் படும் யன்னலில் வைத்து, தண்ணீரை நாள்தோறும் மாற்றினால் ஒரு வாரத்துக்குள் பச்சை முளை வெளியே வரும். மிதக்கும் விதையை எறிந்துவிடுங்கள். இலை இரண்டு மூன்று விரிந்தபின் களிமண் போட்ட வாளிக்கு மாற்றலாம், முதல் மாதம் பசளை வேண்டாம். வாளியில் தேங்கும் தண்ணீரில் டெங்கு நுளம்பு முட்டையிடும் என்பதால், செடியை இறக்கும் அன்றே இரண்டு மூன்று கப்பி மீனையும் விட்டுவிடுங்கள்.